நிலுவையில் ஒரு நேயர்

வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பல்செட்காரர் சொன்னதும், அவர் மனைவி முதலில் கேட்டது, "உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?" என்பதுதான்.

கேட்காமல் என்ன செய்வாள்? மத்தியானம் இரண்டரை மணிக்குப் பழைய பாட்டு நிகழ்ச்சி என்று ஒன்று. பாட்டுக்கு முன்னால், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தப் பெயர் வாசிப்புக்காக இவள் இருபத்தாறு வருஷம் வாரம் தவறாமல் ஒரு அஞ்சலட்டை போட்டாள். தெருவில் பாதிப் பேருடைய பெயர் வந்துவிட்டது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெயர் வந்தது. ஒரு தடவை அவர்கள் வீட்டு நாயின் பெயர்கூட வந்தது. இவள் பெயர் மட்டும் வரவில்லை. நாத்தனார் பெயரோ இரண்டு தடவை வந்துவிட்டது. போகிற வீட்டிலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவள் அண்ணியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அண்ணி படுத்த படுக்கை. இருதயம் வீங்கிவிட்டது. டாக்டர் பல்செட்காரரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "மூணு மாசம். அதுவும் கொஞ்சம் தாராளமாத்தான் சொல்றேன்" என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.

கடிதத்தைப் பல்செட்காரர் உரக்கப் படித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அனுப்பிய அட்டை இப்போது முறைப்படி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதாம். மனுதாரர் உயிருடன் இருக்கிறாரா என்பதைத் தெரிவிக்க, குடும்பத்தில் ஒருவர் நேரில் வரவேண்டுமாம்.

"இருக்கேன்னு போய்ச் சொல்லுங்க. சட்டுனு கிளம்புங்க, என்னை நம்பி நின்னுட்டிருக்காதீங்க" என்றாள் அவள்.

"ஏன், நீ கேட்ட பாட்டு என் போன்லயே இருக்கே. இப்பவே போடட்டுமா?"

"போன்ல என் பேரைச் சொல்லுவானா?"

பல்செட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முப்பத்தெட்டு வருஷமாகப் பல்செட் கட்டுகிறவர் அவர். மெழுகும் சுண்ணாம்பு அச்சும் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். நிலையத்தில் அவரை வரவேற்ற நேயர் நல அதிகாரியம்மா மேல்வரிசையில் சரியாக எட்டுப் பல் தெரியச் சிரித்தார். ஒன்பதாவது தெரியவில்லை. அளவெடுத்துச் சிரிக்கிறார் என்று மனுஷர் பாராட்டிக்கொண்டார்.

"இசைத்தட்டு நூலகம்" என்று கதவில் எழுதியிருந்த அறை வழியாகத்தான் இயக்குநர் அறைக்குப் போகவேண்டும். உள்ளே நூலகம் இல்லை. ஆளுக்கொரு காபியோடு சிப்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் பூராவும் கடிகாரம். நாற்பது, ஐம்பது இருக்கும். எல்லாம் கறுப்பாக, வட்டமாக, பளபளவென்று.

"எல்லாம் எங்க பழைய தட்டுதான் சார். வீணாக்காம பயன்படுத்திக்கிட்டோம்" என்றார் அதிகாரியம்மா.

இயக்குநருக்கு மேல்வரிசை முழுக்கப் பீங்கான். வேலை சுத்தம்தான், ஆனால் அவர் வயதுக்கு இரண்டு சாயல் வெளுப்பு அதிகம். எழுந்து நின்று இரண்டு கையாலும் பல்செட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம். இந்த நிகழ்ச்சிக்கு ஒரு காலத்துல ரெண்டு லட்சம் நேயர்கள். போன வருஷம் கணக்கெடுத்தோம். அறுபது வயசுக்கு மேல இருக்கிறவங்களை அரை நேயர்னு வெச்சுக்கிறது எங்க வழக்கம். படுத்த படுக்கையா இருந்தா கால்."

"ஏன் சார் அப்படி?"

"விளம்பரத்துல ஒரு பொருளைப் பத்திச் சொன்னா ஓடிப்போய் வாங்கணும்ல? அவங்களால முடியாதே. தப்பா நினைக்காதீங்க. பழைய பாட்டுன்னா எனக்கு உயிர். அதைக் கேக்கிறவங்கதான் இடைஞ்சல்."

பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். நிலையத்தை ஆரம்பித்த புண்ணியவான் ஒரு விதி எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நேயர் ஒருவருடைய அட்டை நிலுவையில் இருக்கும்வரை நிகழ்ச்சியை நிறுத்தக் கூடாது. அவர் கேட்ட பாட்டை நிலையத்தின் சொந்த இசைத்தட்டிலிருந்துதான் ஒலிபரப்ப வேண்டும்.

"பதினோரு வருஷமா அட்டைகளை முடிச்சுக்கிட்டே வந்தோம் சார். எழுபதாயிரம் அட்டை. இப்ப பாக்கி ஒரே ஒரு நேயர். உங்க வீட்டம்மாதான்."

"மத்த பாட்டெல்லாம் போட்டு முடிச்சுட்டீங்களா?"

"பாட்டு எங்க சார் போட்டோம்? மனுதாரர்கள் முடிஞ்சுட்டாங்க. நாங்க பொறுமையாக் காத்திருந்தோம், அவ்வளவுதான்."

பல்செட்காரருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய கட்டடம், இத்தனை ஜனம், வாசலில் சீருடை போட்ட காவலாளி, எல்லாம் தன் பெண்டாட்டி ஒருத்திக்காக நடக்கிறது! இதைத் தங்கச்சியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்மாவுக்கு உடம்பு எப்படி?" என்றார் இயக்குநர்.

"இருதயம் சார். டாக்டர் மூணு மாசம்னு சொல்லிட்டார்."

"ஐயோ" என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, "எழுத்துமூலமாக் குடுத்திருக்காரா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பல்செட்காரரின் கண் இயக்குநரின் தலைக்கு மேலே போனது. அங்கேயும் ஒரு கடிகாரம். நடுவில் சிவப்புச் சீட்டு, அதில் பொடி எழுத்து. பொடி வேலையிலேயே ஆயுளைக் கழித்த கண்ணல்லவா, படித்துவிட்டது. அவர் மனைவி கேட்ட அதே பாட்டு. அவர்களுக்குக் கல்யாணமான வருஷம் வந்த, துறைமுகத்தைப் பற்றிய சினிமாப் பாட்டு.

"சார்! அதேதான் சார்! தலைக்கு மேலயே தொங்குது!"

இயக்குநர் திரும்பிப் பார்த்துவிட்டு வருத்தமாகத் தலையாட்டினார். "அது தட்டா இருந்த காலத்துல நீங்க வந்திருக்கணும். இப்ப பொருள் பதிவேட்டுல அது கடிகாரம். கடிகாரத்தை எப்படி ஒலிபரப்ப முடியும்?"

"ஒரு குறடு குடுங்க சார், முள்ளை நானே கழட்டித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை. ஓடக்கூட இல்லையே, நாலு பத்துலயே நிக்குது."

"ஓடாததும் கடிகாரம்தான் சார். அதைத் திரும்பத் தட்டுன்னு மாத்தணும்னா குழு கூடணும். குழுவுல அஞ்சு பேர். மூணு பேர் ஓய்வு பெற்றுட்டாங்க. கவலைப்படாதீங்க, தினம் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்போம்."

சொன்னபடியே விசாரித்தார்கள். காலை ஒன்பது மணி அடித்தால் பல்செட்காரரின் போன் அடிக்கும். அதிகாரியம்மாதான்.

"அம்மாவுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?"

"ராத்திரி பூரா மூச்சுத் திணறல் மேடம். கண்ணையே மூடல."

"அப்படியா? அச்சச்சோ. தைரியமா இருங்க சார், எல்லாம் நல்லபடியா முடியும்" என்று குரலில் ஒரு தெம்பு வரும்.

"இன்னிக்குத் தேவலை மேடம். எழுந்து உக்காந்து இட்டிலி வேணும்னு கேட்டா" என்றால் மறுமுனையில் அந்தத் தெம்பு இறங்கிவிடும். பிறகு, "இட்டிலியா? எத்தனை சாப்பிட்டாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

பெற்ற பிள்ளை கடல் தாண்டி இருக்கிறான், மாதம் ஒரு தடவை கூப்பிட்டால் அதிகம். முன்பின் தெரியாத ஒரு பொம்பளை இப்படித் தினம் கூப்பிட்டு விசாரிக்கிறாளே என்று பல்செட்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி உருகினார். வாய்க்குள் பல்லுக்கு அளவெடுக்கும் அச்சுக் குழம்பை வைத்துக்கொண்டு பேச முடியாமல் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் இதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

இரண்டாவது மாசம் அதிகாரியம்மா பூவோடு நேரில் வந்தார். பூ வட்டமாக வளைத்துக் கட்டியிருந்தது. படுக்கையிலிருந்தவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது செத்த வீட்டுக்குக் கொண்டுபோற வளையமாச்சே?"

"கைவசம் இதுதாம்மா இருந்துச்சு. நீங்களே வெச்சுக்கலாம், திருப்பித் தரவேணாம்" என்றார் அதிகாரியம்மா. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். எட்டுப் பல் காட்டிவிட்டுப் போனார்.

"இவ வர்றது எனக்குப் பிடிக்கல. என்னைப் பாக்கிற பார்வையே, வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்றவன் பாக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"உனக்கு யாரைத்தான் பிடிச்சுது? என் தங்கச்சியையே உனக்குப் பிடிக்கல."

"உங்க தங்கச்சியைப் பத்திப் பேசாதீங்க. எனக்கு மூச்சு வாங்கும்."

நிகழ்ச்சி என்னவோ தினமும் இரண்டரைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரமாக இருந்தது இப்போது நாலு நிமிஷம். போடுவதற்குத் தட்டு ஏது? எல்லாம்தான் சுவரில் நேரம் காட்டிக்கொண்டிருக்கிறதே. அறிவிப்பாளர் "அன்பார்ந்த நேயர்களே" என்று ஆரம்பித்து, தொண்டையைக் கனைத்து, "நேயரே" என்று திருத்திக்கொள்வார். "தங்கள் விருப்பம் இன்றும் நிலுவையில் உள்ளது" என்பார். மீதி நேரம் ஒரு புல்லாங்குழல். அவள் அதையும் விடாமல் கேட்டாள். டிரான்சிஸ்டரைத் தலையணையில் காதுக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, அந்த நாலு நிமிஷமும் மூச்சுத் திணறலைக்கூட அடக்கிக்கொள்வாள். என்றைக்காவது சொல்லிவிடுவான் என்ற நப்பாசை.

அந்த நப்பாசையிலேயே மூன்று மாசம் தாண்டி நான்காவதும் வந்துவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். "எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னே தெரியல" என்றார். பல்செட்காரருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாளுக்கு நாள் அவள் கால் வீக்கம் முட்டிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்காமலேயே போய்விடுவாளோ என்று அவருக்கு ஓயாத கவலை. பட்டறையில் ஒரு கீழ்வரிசையையே தலைகீழாக அடுக்கிவிட்டார்.

இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. போனார். இந்தத் தடவை இயக்குநர் எழுந்து நிற்கவில்லை.

"என்ன சார் இது? மூணு மாசம்னு சொன்னீங்க. உங்க வார்த்தையை நம்பி நாங்க புது நிகழ்ச்சிக்கு அறிவிப்பே குடுத்துட்டோம். இருபது பேருக்கு வேலை போட்டாச்சு, எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. அவங்க வயித்துல அடிக்கிறது அம்மாவுக்கு நல்லா இருக்கா?"

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் பல்செட்காரர். எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

இயக்குநரின் முகம் இளகியது. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நேயர் மறைவு அறிவிப்புப் படிவம்.

"பாருங்க, உயிரோட இருக்கிற நேயர்னா வரிசை, குழு, பதிவேடு, ஆயிரம் தடங்கல். மறைந்த நேயர்னா ஒண்ணும் கிடையாது. அஞ்சலிப் பிரிவுக்குப் போயிடும். அன்னிக்கே பேரை வாசிக்கணும், அதுவும் தலைமை அறிவிப்பாளரே வாசிக்கணும். அஞ்சலிக்காக நிலையத்துல எந்தப் பொருளையும் உடனே எடுக்கலாம். இந்தக் கடிகாரத்தைக்கூட இறக்கிடலாம். மனுசன் செத்தாத்தான் சார் இங்க மரியாதை. உயிரோட இருக்கிறவரைக்கும் மனு."

"ஆனா சார், அவ இருக்காளே?"

"அது உங்க குடும்ப விஷயம். நிலையம் அதுல தலையிடாது."

பல்செட்காரர் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் என்று ஒன்றை எழுத்தில் எழுதியறியாத மனுஷர். பெண்டாட்டி இறந்துவிட்டாள் என்று கையெழுத்துப் போடுவது என்றால் யாருக்குத்தான் கை வரும்? ஆனால் போட்டால் இன்றைக்கே பெயர் வருமே. அவள் காதாரக் கேட்பாளே. அவளுக்குத் தெரியவா போகிறது? தலைக்கு மேலே நாலு பத்துக்கு நின்றிருந்த கடிகாரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"பேரை இனிஷியலோட படிப்பாங்களா சார்?"

"முகவரியோடவே படிப்பாங்க."

போட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து, "இன்னிக்கு வருது!" என்றார். அவ்வளவுதான், அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தலையைச் சீவிவிடச் சொன்னாள். புதுப் புடவையை எடுத்து மேலே போர்த்தச் சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்த பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் கட்டியதிலேயே அதுதான் நேர்த்தியான செட். கல்யாண நாளுக்குப் பரிசாகக் கட்டிக்கொடுத்தது.

"ரேடியோல கேக்கிறதுக்குப் பல் எதுக்கு?"

"பேர் வரும்போது பொக்கைவாயா இருக்கச் சொல்றீங்களா? உங்க தங்கச்சிக்குப் போனைப் போடுங்க."

போட்டார். அவளே பேசினாள். "உனக்கு ரெண்டரைக்கு வேலை ஏதாவது இருக்கா? இருந்தாலும் ஒதுக்கி வெச்சுட்டு ரேடியோவைப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதைச் சொல்வதற்கே மூன்று தடவை மூச்சு வாங்கினாள். ஆனால் நாலு மாசத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

இரண்டரை. புல்லாங்குழல் இல்லை. தலைமை அறிவிப்பாளரின் கனத்த குரல் வந்தது.

"அன்பார்ந்த நேயர்களே, ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்." அடுத்து அவள் பெயர். இனிஷியலோடு, தெருப் பெயரோடு, வீட்டு எண்ணோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். அவள் பல்செட்காரரின் கையை இறுகப் பிடித்தாள். "நம் நிகழ்ச்சியின் கடைசி நேயரான அன்னார் இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரோடு அன்னாரின் விருப்பமும் இயற்கை எய்திவிட்டதால், விதிகளின்படி இந்த நிகழ்ச்சி இத்துடன் நிறைவுறுகிறது. இதற்கு அயராது உழைத்த நிலைய இயக்குநருக்கு நன்றி. அன்னாரின் நினைவாக இரண்டு நிமிட மௌனம்."

டிரான்சிஸ்டர் மௌனமானது. அவள் கூரையைப் பார்த்தபடி தன்னுடைய மௌனத்தைத் தானே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாற்பது விநாடி ஆகியிருக்கும். தடதடவென்று ஒரு பற்பசை விளம்பரம் பாய்ந்துவந்தது.

அதற்குள் போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் அவளே எடுத்துக் காதில் வைத்தாள். நாத்தனாரின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே! இப்பத்தானே என்கிட்டப் பேசினாங்க! பேசின கையோட போய்ட்டாங்களா? ஐயோ, அவங்க ஆசைப்பட்ட மாதிரியே பேரு வந்துடுச்சேண்ணே!" மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஆனா ஒண்ணுண்ணே. பாட்டுப் போடல பாத்தியா? எனக்கு ரெண்டு தடவையும் முழுப் பாட்டுப் போட்டாங்க."

அவள் போனை அவரிடம் கொடுத்தாள். அவர் அழைப்பைத் துண்டித்தார். டிரான்சிஸ்டரை அணைத்தார்.

"நான் செத்துட்டேன்னு அவனுங்களுக்கு யாருங்க சொன்னது?"

பல்செட்காரர் வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷமாக அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தவர், தன் வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா?"

"பாட்டுக்காகத்தான்... உன் பேருக்காகத்தான்மா... இன்னிக்கே வாசிப்பாங்கன்னு அந்த இயக்குநர் சொன்னான்..."

அவள் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். மூன்று மணி ஆயிற்று. அவர் வழக்கம்போல மாத்திரையும் தம்ளருமாக வந்து நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"செத்தவளுக்கு எதுக்குங்க மாத்திரை?" என்றாள். பல் இல்லாத வாயிலிருந்து அது கொழகொழவென்று வந்தாலும் அவருக்குத் தெளிவாகவே கேட்டது.

மறுநாள் காலை கதவைத் தட்டினார்கள். நிலையத்துச் சிப்பந்தி ஒரு பொட்டலத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பிரித்தால், இயக்குநர் அறைக் கடிகாரம். 'மறைந்த நேயரின் குடும்பத்துக்கு நினைவுப் பரிசு' என்று கீழே ஒரு பட்டயம். முள் இன்னும் நாலு பத்திலேயே இருந்தது. தட்டின் நடுவில் பசையை ஊற்றி யந்திரத்தை ஒட்டியிருந்தார்கள்; அவருடைய குறடால் மட்டுமல்ல, எவருடைய குறடாலும் அதை எடுக்க முடியாது. நேற்றிலிருந்து மாத்திரை தொடாதவள் அதைக் கையை நீட்டி வாங்கி, மார்மேல் வைத்துக்கொண்டு, பாட்டுக் கோடுகளை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"மணி என்னங்க?"

"ஒன்பதேகால்."

"இன்னிக்கு நான் எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கலையா?"

பல்செட்காரர் போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.